பத்துக் கண்ணுக்கு மூன்று நூல்

என் கழுத்தில் எந்நேரமும் ஓர் அளவுநாடா தொங்கும். பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான்தான் சட்டை தைத்தேன். யாருக்கு உடம்பு வைத்திருக்கிறது, யாருக்குக் கரைந்திருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சொல்லமாட்டேன், ஆனால் தெரியும். உடம்பை அளந்துதான் சட்டை வெட்ட வேண்டும். சட்டையை வெட்டி வைத்துவிட்டு, அதற்கேற்ப உடம்பை வளர்த்துக்கொண்டு வா என்று யாரிடமும் சொல்லக்கூடாது. தையற்காரி எவளுக்கும் தெரிந்த இந்த விஷயத்தைத் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் சொன்னதற்குத்தான் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தேனீ வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் சண்டை மூண்டபோது வீட்டைப் பூட்டிவிட்டு மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். என் கைமெஷினைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினோம். அதன் மர மூடியைக் கட்ட இடமில்லை. வளைந்த முதுகோடு ஒரு சின்னப் பெட்டகம் போலிருக்கும் அந்த மூடி. அதை முன் அறையில் மேசைக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.

நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லையில் நின்ற இலுப்பை மரம் ஷெல் பட்டு நடுவால் முறிந்து கிடந்தது. யன்னல் கண்ணாடி ஒன்றும் மிச்சமில்லை. முன்னால் போன என் கணவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சாரும், வீட்டுக்கை ஆரோ குடிவந்திருக்கினம்."

நான் பயந்தே போனேன். எட்டிப் பார்த்தால், மேசைக்குக் கீழே மெஷின் மூடியின் ஓரத்தால் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. இலுப்பைப் பொந்தில் இருந்த கூட்டம்தான். மரம் முறிந்ததும் கிளம்பி, உடைந்த யன்னல் வழியாக வந்து, என் மூடிக்குள் குடியிருந்துவிட்டது. நாங்கள் பள்ளிக்கூட வாங்கில் படுத்திருந்த நாட்களில் அவை எங்கள் வீட்டில் இருந்திருக்கின்றன. கலைத்துவிடுவோம் என்றார் இவர். பஸ் ஓட்டுகிறவர், எதையும் ஹோர்ன் அடித்துக் கலைத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். எனக்கு மனம் வரவில்லை. நாங்களும் நேற்றுவரை அடுத்தவர் இடத்தில் இருந்தவர்கள்தானே.

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து மூடியை மாமரத்தின் கீழே கொண்டுபோய் இரண்டு கல்லின்மேல் வைத்தோம். ஒருநாள் சற்று உயர்த்தி உள்ளே பார்த்தேன். முதுகின் உட்புறத்திலிருந்து நான்கு தேன்வதைகள் வரிசையாகத் தொங்கின. கை சும்மா இருக்குமா? தேனீக்கள் விலகி நின்ற இடமாகப் பார்த்து நாடாவை வைத்தேன். அடுத்தடுத்துப் பத்துக் கண்கள், அதாவது பத்து மெழுகு அறைகள், ஒன்றே முக்கால் அங்குலம். வேறோர் இடத்தில் வைத்தேன். அங்கேயும் ஒன்றே முக்கால். அடுத்த வதையில் வைத்தேன். அதே அளவு. மனிதரில் வலத்தோளும் இடத்தோளும்கூட ஒரே அளவாக இருந்ததை நான் கண்டதில்லை. எனக்கு அவற்றின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

தை மாதம் சங்கத்தின் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வெளிநாட்டில் தேனீ வளர்ப்புப் படித்தவர். மெதுவாகக் கதைப்பார், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். அவரை நான் கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மீண்டு வந்த குடும்பங்களுக்குச் சங்கம் மரப்பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கும் ஒன்று கொண்டுவந்து, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை போட்டு, மூடிக்குள்ளிருந்த வதைகளில் மூன்றை வெட்டியெடுத்து வாழைநாரால் சட்டங்களில் கட்டி, ராணியையும் கூட்டத்தையும் பெட்டிக்கு மாற்றிவிட்டார். அவர் கை நல்ல கை. ஒரு கொட்டு வாங்கவில்லை.

ஓரத்தில் இருந்த ஒரு வதை வேண்டாம் என்று ஒதுக்கினார். அது வெள்ளை வெளேரென்று, ஒரு கறையில்லாமல், தேனோ புழுவோ இல்லாமல் வெறுமையாக இருந்தது. எறிய மனமின்றிக் கடதாசியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். மூடியைச் சுரண்டித் துடைத்துத் திரும்ப மெஷினுக்குப் போட்டேன். அதற்குப் பிறகு நான் தைத்த சட்டையெல்லாம் கொஞ்சக் காலம் மெழுகு மணத்தது.

பெட்டியில் மீதியாக இருந்த நான்கு சட்டங்களுக்கும் அவர் மெழுகுத் தாள் தந்தார். மெழுகை மெல்லிய தாளாக வார்த்து, இரண்டு பக்கமும் ஆறுமூலைக் கண்களின் தடத்தை அச்சாகப் பதித்திருப்பார்கள். சட்டத்தில் பொருத்தி உள்ளே விட்டால் தேனீ அந்தத் தடத்தின்மேல் சுவர் எழுப்பும். வதை கோணாமல் வரும். வேண்டியபோது சட்டத்தை உருவிப் பார்க்கலாம். நல்ல யோசனைதான். நான் தாளைக் கையில் வாங்கியதும் வழக்கம்போல் நாடாவை வைத்தேன். பத்துக் கண்ணுக்கு இரண்டு அங்குலமும் ஒரு நூலும் வந்தது. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். அப்படியென்றால் எங்கள் தேனீயின் கணக்கைவிட மூன்று நூல் கூட.

"சேர், உது எங்கடை பூச்சிக்குப் பெரிசு," என்றேன்.

"வெளிநாட்டுப் பூச்சிக்குச் செய்த அச்சு, தங்கச்சி. அதாலை என்ன? பெரிய கண் எண்டால் பெரிய பூச்சி வரும். பெரிய பூச்சி எண்டால் கூடத் தேன் வரும்."

"பெரிய சட்டையைப் போட்டுவிட்டால் பிள்ளை வளந்திடுமே, சேர்?"

அவர் சிரித்தார். "மூண்டு நூல்தானே, தங்கச்சி," என்றார்.

மூன்று நூல்தானாம். கையிடுக்கில் மூன்று நூல் பிழைக்கத் தைத்துவிட்டு, போட்டவளைக் கையைத் தூக்கிச் சீப்பால் தலை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அதை வாய்க்குள் விழுங்கிவிட்டேன்.

தேனீ விழுங்கவில்லை. மாசி நடுவில் பெட்டியைத் திறந்தபோது தாளின் ஓரமெல்லாம் பல்லால் கடித்ததுபோல் கரம்பியிருந்தது. சில இடத்தில் துளை. சில இடத்தில் தடத்தைக் கணக்கெடுக்காமல் குறுக்கும் மறுக்குமாகச் சுவர். கட்டியிருந்த இடங்களிலோ ஆண் ஈக்கள்தான் வளர்ந்தன. கண் பெரிதாக இருந்தால் ராணி அதில் ஆண் முட்டையைத்தான் இடும். ஆண் ஈ பூவுக்குப் போகாது, மகரந்தம் சுமக்காது, வீட்டிலிருந்து தின்னும். எங்கள் ஒழுங்கை ஆண்கள் கோபிக்கக்கூடாது, நான் தேனீயைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அந்த மாதச் சங்கக் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. இருபது பேர் வரையில் இருந்தோம். பெண் என்று நான் ஒருத்திதான். கரம்பிய தாளைக் கொண்டுபோய் மேசையில் போட்டு, நாடாவையும் வைத்து, அளவைச் சொன்னேன். சட்டையும் உடம்பும் கதையையும் சொன்னேன். "பூச்சிக்கும் பிளவுஸ் தைக்கப் போறாவாக்கும்," என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கூரை அதிரச் சிரித்தார்கள். உத்தியோகத்தர் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத்தின் முடிவை வாசித்தார். சித்திரைக் கடைசியில் ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பார்கள். தாளில் நேராகக் கட்டிய வதை இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியைச் சங்கம் திருப்பி எடுக்கும். சங்கத்துப் பெட்டியில் இருக்கும் கூட்டமும் சங்கத்துக்குத்தான். அதைத் தங்கள் மாதிரித் தோட்டத்தில் கொண்டுபோய் வைப்பார்கள்.

என் கூட்டத்தை! ஷெல்லுக்குத் தப்பி என் வீட்டுக்கு வந்த கூட்டத்தை! அன்று வாசிகசாலையிலிருந்து வீடுவரை நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"போட்டுவிடுமன் அந்தத் தாளை," என்றார் இவர். "ஊரோடினால் ஒத்தோட வேணும்."

"ஓடின களை இன்னும் ஆறேல்லை," என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். அவர்களுக்கு வேண்டியது தாள். தேனீக்கு வேண்டியது அளவு. நானே தாள் வார்த்தால் என்ன? எங்கள் தேனீயின் சொந்த வதையில் அச்செடுத்து, அந்த அளவில் தாள் போட்டால், வதையும் நேராக வரும், பூச்சியும் ஒழுங்காக வளரும். சித்திரையில் அவர்கள் வந்து பார்க்கும்போது வாயடைத்து நிற்க வேண்டும். இதில் வீம்பு எவ்வளவு, யோசனை எவ்வளவு என்று இப்போது கேட்டால், பாதிக்குமேல் வீம்புதான்.

அலுமாரியில் வைத்த வெள்ளை வதையை எடுத்தேன். கண்ணெல்லாம் ஒழுங்காக, வட்டமாக, வடிவாக இருந்தது. இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? சூடாக்கிய கத்தியால் இரண்டு பக்கச் சுவரையும் அடிமட்டத்துக்குச் சீவி, பனையோலைப் பெட்டியில் பஞ்சு போட்டு வைத்து, சங்கானையில் பல் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். பொக்கை வாய்க்காரருக்கு அச்செடுத்துப் பல்செட் செய்துகொடுப்பவர் அவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிள்ளை, இவ்வளவு பல்லுள்ள வாயை நான் இதுவரைக்கும் காணேல்லை."

ஆனாலும் செய்துதந்தார். பல் அச்சுக்குக் குழைக்கும் வெள்ளை மாவைக் குழைத்து, கீழுக்கொன்று மேலுக்கொன்றாக இரண்டு பாதி. நான் உத்தியோகத்தரின் கரம்பிய தாளையும் மூடியில் சுரண்டிய மெழுகையும் உருக்கினேன். அச்சைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, மெழுகை ஊற்றி, அமத்தி, ஆறவிட்டு உரித்தேன். முதல் மூன்றும் கிழிந்தன. நான்காவது முழுசாக வந்தபோது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகென்றால் அழகு. அவர் தந்ததைவிட என்னுடையது வடிவு என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அளக்கவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேரின் தோளையும் அளந்தவள், பிறத்தியார் கொடுத்த தாளைக் கையில் வாங்கிய கணமே நாடா வைத்தவள், என் வதையை அளக்கவில்லை. எங்களுடையதுதானே என்று விட்டுவிட்டேன். அப்படி ஒரு யோசனைகூட அந்த நேரம் வரவில்லை.

நான்கு சட்டத்துக்கும் என் தாளைப் பொருத்தி உள்ளே விட்டேன். தேனீ ஒரு துளை போடாமல், ஒரு கோணல் இல்லாமல், தடத்தின்மேலேயே கட்டியது. வேம்பு பூக்கத் தொடங்கியிருந்த பங்குனி மாதம். நான் மெஷினுக்குமுன் இருந்து பாட்டுப் பாடினேன் என்று இவர் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நாலு கிழமை கழித்துச் சட்டத்தை உருவினேன். வதை நேராக, முழுசாக இருந்தது. கண்களுக்கு மூடி போட்டிருந்தது. அந்த மூடிகள் ஒவ்வொன்றும் தொப்பிபோல் உயர்ந்து, உச்சியில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளையோடு இருந்தன. ஆண் ஈயின் கண்ணுக்கு மட்டும்தான் எங்கள் தேனீ அப்படி மூடி போடும். அடுத்த சட்டத்திலும் அதேதான். நான்கு சட்டமும் ஆண் ஈ, சில ஏற்கெனவே மூடியை உடைத்து வெளியே வந்திருந்தன. உத்தியோகத்தரின் தாளிலாவது தேனீ சண்டை போட்டது. என் தாளில் சண்டையே இல்லை. சொன்னபடி கேட்டு முழுக்க முழுக்க ஆண் ஈயை வளர்த்து வைத்திருந்தது.

நாடாவை வைத்தேன். பத்துக் கண்ணுக்குச் சரியாக இரண்டு அங்குலம்.

அப்போதுதான் விளங்கியது. அலுமாரியில் நான் பத்திரப்படுத்திய வெள்ளை வதை, கூட்டம் பெருகும் காலத்தில் ஆண் ஈக்கென்று ஓரத்தில் கட்டிய வதை. அதனால்தான் கண் பெரிது, அதனால்தான் வெறுமை, அதனால்தான் உத்தியோகத்தர் அதை ஒதுக்கினார். நடுவில் இருந்த கறுத்த, கறை பிடித்த, வடிவில்லாத வதைகள்தான் ஒன்றே முக்கால். மாமரத்தின் கீழே நின்று எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எங்களுடையது என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல இடமிருக்கவில்லை. நான் ஒரு தேன்பெட்டிக்குள் அதைப் படித்தேன்.

சித்திரைக் கடைசிக்கு ஒரு மாதமும் இல்லை. இரண்டு வழிதான் இருந்தது. நேரான வதையை அப்படியே வைத்திருந்தால் பார்வையிட வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள், ஆனால் கூட்டம் அழியும். வேலை செய்யும் ஈக்கள் வயதாகி விழ, அந்த இடத்துக்கு வருவதெல்லாம் இருந்து தின்னும் கூட்டமாக இருந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வெட்டியெறிந்தால் கூட்டம் தப்பலாம், ஆனால் தாள் இல்லையென்று பெட்டியோடு கொண்டுபோவார்கள். அதோடு, எங்கள் தேனீ ரோசக்காரி. கூட்டைக் குலைத்தால் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

வெட்டினேன். நான்கையும் வெட்டினேன். மூடியிலிருந்து வந்த மூன்று பழைய வதைகளை மட்டும் நடுவில் விட்டு, மற்றச் சட்டங்களின் மேற்கட்டையில் அச்சு எதுவும் பதியாத மெழுகை ஒரு விரலகலத்துக்குக் கோடாகத் தடவினேன். அவ்வளவுதான். எங்கே கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. அடுத்த மூன்று நாள் விடிந்ததும் முதல் வேலையாக மாமரத்தடிக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்தேன். உள்ளே இரைச்சல் இருந்தது. நாலாம் நாள் சட்டத்தில் பிறைபோல் ஒரு சின்ன வதை தொங்கியது. அளந்தேன். ஒன்றே முக்கால். அழுதுவிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

சித்திரைக் கடைசியில் உத்தியோகத்தர் வந்தார். பின்னால் சங்கத்துக்காரர் ஏழெட்டுப் பேர். பிளவுஸ் என்று சொல்லிச் சிரித்தவரும் வந்திருந்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சட்டமாகத் தூக்கினார். என் தேனீயின் வதைகள் கொஞ்சம் வளைந்திருந்தன, ஒன்று பக்கத்துச் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. கூட்டம் இன்னும் மெலிவுதான். வாசலில் ஆண் ஈக்கள் தடித்த இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தன. நான் வெட்டுவதற்குமுன் பொரித்தவை அவை, என் அச்சின் பிள்ளைகள்.

அவர் அவற்றைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார்: "பாத்தீங்களே, தாள் இல்லாமல் விட்டால் இப்பிடித்தான். முழுக்க ஆண் ஈ."

இல்லை, சேர், அது தாள் இல்லாததால் வந்ததில்லை, நான் வார்த்த தாளால் வந்தது என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாயாடி என்று பெயரெடுத்தவள் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்ல என் வீம்பு விடவில்லை. அவர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"பெட்டியை எடுக்கத்தான் வேணும், தங்கச்சி. குறை நினையாதேங்கோ."

அதற்கு வாய் திறந்தது. "எடுங்கோ. பெட்டி உங்கடை. பூச்சி என்ரை."

"சங்கத்து விதி—"

"சங்கம் வரமுந்தியே அது என்ரை வீட்டிலை குடியிருந்தது, சேர். விதி ஆருக்கு எழுதினது? பூச்சிக்கோ?"

வீட்டுக்குள் போய் மெஷினின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இவர், ஊரோடு ஒத்தோடச் சொன்ன அதே மனிதர், பொச்சுமட்டையைப் பற்றவைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். எல்லோரும் பார்த்திருக்க, வதைகளைக் கத்தியால் அறுத்து, மூடிக்குள் குறுக்கே வைத்த தடிகளில் வாழைநாரால் கட்டினேன். எனக்கு உத்தியோகத்தரின் கை இல்லை. பதினொரு இடத்தில் கொட்டு. இடது கண் மூடிவிட்டது. ராணி நடுவதையில் இருந்தாள். அவளோடு சேர்த்தே கட்டினேன். மூடியைக் கவிழ்த்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு, வெறும் பெட்டியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் அன்றும் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை. அன்றிலிருந்து என் மெஷினுக்கு மூடி கிடையாது. இவர் உடுத்த பழைய சாரம் ஒன்றைப் போர்த்தி வைத்தேன்.

மூன்று வருடத்தில் எல்லாம் மாறியது. பாதை அடைபட்டது. கொழும்பிலிருந்து பெற்றோலும் வரவில்லை, மண்ணெண்ணெயும் வரவில்லை, சங்கத்தின் மெழுகுத் தாளும் வரவில்லை. தாள் வந்தவரை ஆண் ஈ வளர்ந்து ஒவ்வொரு பெட்டியாக மெலிந்தது. தாள் நின்றதும், சும்மா விட்டால் ஆண் ஈதான் வரும் என்று பயந்து, கரம்பிய பழைய தாளையே உருக்கி ஒட்டிப் போட்டுப் பார்த்தார்களாம். மாதிரித் தோட்டமும் வெறுமையாகப் போனது. என் மாமரத்தடியில் மூடி நிறையத் தேனீ. அதிலிருந்து பிரிந்தவை ஒரு தகரப் பெட்டியிலும், அடிபெயர்ந்த பழைய அண்டாவிலும் இருந்தன. மற்றவர்களின் பெட்டிகள் மெலிந்ததைக் கேள்விப்பட்டபோதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கூடவே ஒரு முள்ளும் குத்தியது. அது ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் உத்தியோகத்தர் வந்தார். மோட்டார் சைக்கிள் இல்லை, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், அவருடைய சேர்ட்டை நான் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் பிடித்துத் தைத்திருப்பேன். கரியரில் ஒரு தேன்பெட்டி கட்டியிருந்தது. அதன் பக்கப்பலகையில் நான் முன்பு மெஷின் எண்ணெய் சிந்திய கறை அப்படியே இருந்தது. அதே பெட்டிதான்.

"ஒரு கூட்டம் பிரிச்சுத் தருவீங்களோ, தங்கச்சி? தோட்டத்திலை ஒண்டும் மிஞ்சேல்லை."

மூன்று வருடமாக இந்த நாளுக்கு எத்தனை வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன் தெரியுமா? அதெல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிக் கொடுத்தேன்.

"முதல் அளவுங்கோ, சேர்."

குந்தியிருந்து மூடியைச் சரித்துப் பிடித்து அளந்தார். ஒரு தரமல்ல, மூன்று வதையில் மூன்று தரம். "ஒண்டே முக்கால்," என்றார். "மூண்டிலையும்."

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். பல் கட்டுகிறவர் செய்துதந்த அச்சின் ஒரு பாதி அங்கே இருந்தது. மற்றப் பாதியை ஆத்திரத்தில் கிணற்றுக்கட்டில் போட்டு உடைத்திருந்தேன். மிஞ்சியதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"இதையும் அளவுங்கோ."

அளந்தார். "ரெண்டு அங்குலம். இது என்ன?"

"நான் வாத்த தாளின்ரை அச்சு. அண்டைக்கு வாசலிலை நிண்ட ஆண் ஈ எல்லாம் இதிலை வந்தது. தாள் இல்லாததாலை வரேல்லை. நீங்கள் கொப்பியிலை எழுதினது பிழை. நான் பாத்துக்கொண்டு நிண்டன்."

அவர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொப்பியை நம்பித்தான் இருபது பெட்டிக்காரர் கடைசிவரை தாளை விடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி," என்றார்.

"ஓம்," என்றேன். "சொல்லியிருக்க வேணும். நீங்களும் அளந்திருக்க வேணும், சேர்."

அவர் தலையாட்டினார். நாடாவைச் சுற்றி என் கையில் தந்துவிட்டு, கரியரிலிருந்து பெட்டியை அவிழ்த்தார். நான் வாழைநார் கிழிக்கப் போனேன்.